குறை தீர்ந்தவர் கையெழுத்து

குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. வாளியில் கடைசிச் சொட்டும் விழுந்தாயிற்று. ஆனாலும் ஜெயபால் கிளம்பவில்லை. இடுப்பில் கட்டிய துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தோள்பையிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுக்கிறார். பக்கத்தைப் பிரித்து, காதில் செருகியிருந்த பேனாவை உருவி, வீட்டுக்காரர் முன்னால் நீட்டுகிறார்.

"இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

போட்ட பிறகுதான் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பார்.

தில்லி கோல் மார்க்கெட்டை ஒட்டிய அரசாங்கக் குடியிருப்பில் 'என்கொயரி' என்று ஓர் அலுவலகம் உண்டு. குழாய் ஒழுகினாலும் ஜன்னல் கொக்கி உடைந்தாலும் குடியிருப்பவர்கள் அங்கே போய்ப் புகார் எழுதிவைக்க வேண்டும். அந்த என்கொயரியில் ஜெயபால் இருபத்தாறு வருடமாகக் குழாய் ஃபிட்டர். அலுவலகப் புகார்ப் புத்தகம் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்த நீல நோட்டு அவருடைய சொந்த ஏற்பாடு. புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் பழகிய உருட்டு எழுத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஐந்து கட்டம் பிரித்திருக்கிறார்: தேதி, புகார், வேலை, செய்தவர். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'குறை தீர்ந்தவர் கையெழுத்து'.

அலுவலக நேரத்தோடு இந்த வழக்கம் நிற்பதில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டு சைக்கிள், வாசல் கேட்டின் கீல் என்று அவர் கை பட்ட எல்லாவற்றுக்கும் கையெழுத்து உண்டு. மாடி வீட்டு வைத்தி சார் ஒருமுறை நொந்துபோய்க் கேட்டார்.

"என்னப்பா ஜெயபால், ஒரு மிக்ஸி ஜாருக்குப் போய் ஆபீஸ் மாதிரி சைன் கேக்கறே!"

"குறை தீந்துச்சா இல்லையா சார்?"

"தீர்ந்துடுத்து."

"அப்பப் போடுங்க. நான் முடிஞ்சதுன்னு சொன்னா முடிஞ்சதாயிருமா? கஷ்டப்பட்டவங்கல்ல சொல்லணும்."

ஆள் ஒல்லி. ஐம்பத்து மூன்று வயது. மார்ச் வந்து ஊரே ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்ட பிறகும் மப்ளரை விடமாட்டார். சுவருக்குள் போகும் குழாயில் எங்கே கோளாறு என்று பார்க்க ஸ்க்ரூடிரைவர் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கழற்றிய பழைய சாமானைக் கடாசும்போது அதனிடம் "போதும்ய்யா, நல்லா ஒழைச்ச, போயிட்டு வா" என்று விடை கொடுத்துத்தான் டப்பாவில் போடுவார். ஃபிட்டருக்கு உதவியாள் தரவேண்டும் என்பது விதி. ஜெயபாலுக்கு வாய்க்கும் உதவியாள் கொடுத்துவைத்தவர். நாள் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்திருக்கலாம். "ரெண்டு கை போதும். நாலு கை இருந்தா அதுல ரெண்டு கை பேசிக்கிட்டே இருக்கும்" என்பார் ஜெயபால்.

இப்படி ஊரெல்லாம் கையெழுத்து வாங்குகிற மனிதருக்கு ஒரே ஒரு காரியம் வராது. நன்றி சொல்ல வராது. 'நன்றி' என்றால் கூட்டத்தில் மாலை போடுவது போல இருக்கிறதாம். 'தேங்க்ஸ்' சில்லறையாகத் தெரிகிறதாம். 'ஷுக்ரியா' சொன்னால் சினிமாக்காரன் மாதிரி இருக்கிறதாம். தையல்காரர் ஆரிப் விஷயத்தில் இந்தக் குறை அவரை மூன்று வருடமாக அரித்துக்கொண்டிருந்தது.

குடியிருப்பு கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தையல் இயந்திரம் போட்டிருப்பவர் ஆரிப். பேன்ட்டின் இடுப்பைப் பிடிப்பார், கால் நீளம் குறைப்பார், பழைய சேலையில் தலையணை உறை தைப்பார். தமிழ் வீடுகளோடு பழகியதில் 'டைட்டா, லூசா' என்பதற்கு மேல் அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'நாளைக்கு'. தையல்காரருக்கு அது போதுமானதுதான். வீடுகளிலிருந்து துணிப்பையில் 'ஆரிப்' என்று துண்டுச்சீட்டு குத்தி அனுப்புவார்கள். பார்த்துப் பார்த்து அந்த மூன்றெழுத்து மட்டும் அவருக்குப் படிக்க வந்துவிட்டது.

2021 ஏப்ரலில், கொரோனாவில், ஜெயபாலின் மனைவி முத்துமாரிக்கு மூச்சு முட்டியது. விரலில் மாட்டிய கருவியில் எண்பத்திரண்டு என்று காட்டியது. எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. ஜெயபால் நீல நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். பாவம், அவரவர் வீட்டிலும் அதே கதை. தையல் இயந்திரத்தின் பெல்ட்டைச் சரிசெய்து கொடுத்ததற்காக ஆரிப் போட்ட உருதுக் கையெழுத்து, போன் எண்ணோடு, ஒரு மூலையில் இருந்தது. அந்த எண்ணையும் கூப்பிட்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆரிப் வந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளின் வலது பக்கம் கொதிக்கும் சைலன்சர். அதனால் இடது பக்கத்தில், பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து கால் வைக்கும் கம்பித்தட்டின் மேல் ஆக்சிஜன் சிலிண்டரை நிறுத்தி, தையல் கடை நாடாவால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். ஜெயபால் வாயைத் திறந்தார். "பெஹ்லே பாபி கோ லகாவோ" என்றார் ஆரிப். முதலில் அண்ணிக்கு மாட்டு, பேச்சு அப்புறம். அந்த அப்புறம் வரவேயில்லை. சிலிண்டர் தீரத் தீர மொத்தம் நான்கு முறை கொண்டுவந்தார். முத்துமாரி பிழைத்தார்.

உடம்பு தேறியதும் ஜெயபால் ஒரு கிலோ லட்டுவோடு மரத்தடிக்குப் போனார். நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு நின்றவரை ஆரிப் மேலும் கீழும் பார்த்தார். "பாய், பேன்ட் லூசு" என்று நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். மனைவியைப் பார்த்துக்கொண்ட கவலையில் ஆள் இரண்டு அங்குலம் இளைத்திருந்தார். வீட்டுக்கு ஓடி லுங்கி மாற்றி, பேன்ட்டைக் கொண்டுவந்து கொடுத்து, அதைப் பிடித்துத் தைத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். நன்றி சொல்லப் போனவர் இன்னொரு உதவியையும் பெற்றுக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

பதினைந்து வருடம் முடிந்த வண்டி தில்லித் தெருவில் ஓடக்கூடாது. ஆரிப்பின் வண்டிக்கும் அந்த வயது வந்தது. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் மூடி நிறுத்திவிட்டு அவர் பஸ்ஸில் வரத் தொடங்கினார். தில்லிக்கு வெளியே மொராதாபாதில் இருக்கும் அவர் தம்பி, அங்கே தகுதிச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்து ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். சோதனையில் தேறாவிட்டால் அங்கேயே காயலான் கடையில் போட்டுவிடுவதாகவும் சொன்னார். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஜெயபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டுப் பின்முற்றத்துக்கு வந்துவிட்டார். முத்துமாரியைக் காப்பாற்றிய வண்டியைத் தராசில் போடுவதா? அது மட்டும் நடக்கக்கூடாது என்றிருந்தது அவருக்கு.

இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. டேங்குக்கு வண்ணம் அடித்தார். செயினும் பிரேக்கும் ஒயரும் புதுசு. கார்புரேட்டரைக் கழுவிய பிறகு ஒரே உதையில் கிளம்பியது. எல்லாம் சரி, பின்பக்கம் மட்டும் வழிக்கு வரவில்லை. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் 'டொக்' என்றது. வளைவில் வண்டியின் பின்பாதி தனியாக ஒரு யோசனை செய்தது.

பெரிய ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. சக்கரத்தின் பேரிங் போய்விட்டது என்று மாற்றினார். ஆடியது. சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கை இருக்கிறதே, தில்லி மெக்கானிக்குகள் 'சிம்டா' என்பார்கள், இடுக்கி என்று பொருள், அதன் மூட்டுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கும் என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து அதையும் மாற்றினார். அப்போதும் ஆடியது. ஷாக் அப்சர்பர் மாட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தார். வலது பக்கம் கல் போல இருந்தது. வலது நன்றாயிருந்தால் இடதும் நன்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். குழாயில் அவர் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். ஒவ்வொரு வால்வாக மூடி மூடித்தான் பார்ப்பார். வண்டி என்றதும் அவசரம்.

கடைசி ஞாயிறு வந்தது. மாலை நான்கு மணிக்கு வண்டியை ஏற்ற டெம்போ வருகிறது. மறுநாள் மொராதாபாதில் சோதனை. காலை பதினொரு மணிக்கு ஜெயபால் சக்கரத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த முத்துமாரி ரொம்ப நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க ஆட்டுறப்ப வண்டி மொத்தமும்ல ஆடுது?"

"நீ உள்ள போ மாரி. தூசி."

"தூசி என்னைய என்ன செய்யும்? நான் வந்து முன்னாடி பிடிச்சுக்கிறேன்."

"வேணாம். மூச்சு வாங்கும்."

அங்கேதான் வந்தது வினை. உடம்பு தேறி மூன்று வருடமாகிறது. இன்னும் மனைவியை ஒரு வாளித் தண்ணீர் தூக்க விட்டதில்லை ஜெயபால். கிரைண்டர் கல்லை அவரே தூக்குவார். மாடிப்படியில் முத்துமாரி ஏறினால் பின்னாலேயே போவார். முத்துமாரிக்கு அருப்புக்கோட்டை வாய்.

"மூச்சு வாங்குது, மூச்சு வாங்குதுன்னு மூணு வருசமா என்னைய அலமாரியில வச்சுப் பூட்டிட்டீங்க. வாங்குனா வாங்கட்டும். வாங்குறதுக்குத்தான மூச்சு இருக்கு? அங்கிட்டு நகருங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். வண்டியின் முன்னால் போய் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி நின்றார். ஜெயபால் வேண்டா வெறுப்பாகச் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார்.

ஆடவில்லை.

மறுபடி இழுத்தார். அசையவில்லை. சிம்டாவில் கோளாறே கிடையாது. இத்தனை நாள் ஆடியது சக்கரமல்ல, ஸ்டாண்டின் மேல் நின்ற முழு வண்டி. பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் ஒற்றை ஆளாக ஆட்டியதில் இரண்டு மாதமும் ஒரு பேரிங்கும் ஒரு சிம்டா புஷ்ஷும் வீணாகியிருந்தன. உதவியாளை டீக்கடைக்கு அனுப்புகிற மனிதருக்கு அது நன்றாக உறைத்திருக்க வேண்டும். காதைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப 'டொக்'குங்கிறது எங்கிட்டிருந்து வருது?" என்றார் முத்துமாரி.

ஜெயபால் சக்கரத்தை இந்த முறை பக்கவாட்டில் ஆட்டாமல் மேலே தூக்கினார். ஒரு நூல் அளவு சும்மா எழும்பி, பிறகுதான் ஸ்ப்ரிங் தடுத்தது. டொக். ஷாக் அப்சர்பரை மாட்டிய நான்கு இடத்தில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம். அதை விரலால்தான் பிடிக்க முடியும். அவருடைய இரண்டு கையும் சக்கரத்தில் இருந்தன.

அவர் கேட்கவில்லை. மூன்று வருடப் பழக்கத்தில் கேட்க வாய் வரவில்லை. முத்துமாரியே வந்து குந்தி உட்கார்ந்தார்.

"எங்கன வைக்கணும், சொல்லுங்க."

"அந்த போல்ட்டும் வளையமும் சேர்ற எடத்துல. ரெண்டையும் தொடுற மாதிரி வையி. மெதுவா."

வலது மேல். தூக்கினார். "ஒண்ணுமில்ல." வலது கீழ். "ஒண்ணுமில்ல." இருவரும் இடது பக்கம் நகர்ந்தார்கள். இடது மேல். "ம்ஹூம்." இடது கீழே விரலை வைத்தார். ஜெயபால் தூக்கினார்.

"ஐயோ, கிள்ளுதுங்க!"

"கிள்ளுதா?"

"விரலைக் கிள்ளிட்டு விடுது. நல்லாத் தெரியுது. இந்தா, மறுபடி தூக்குங்க. ஆமா, இதேதான்!"

முத்துமாரிக்கு மூச்சு வாங்கியது. சிரித்ததில் வாங்கிய மூச்சு. மூக்கு நுனியில் கிரீஸ் அப்பியிருந்தது. அவரை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஜெயபாலுக்குத் தோன்றியது. இந்த ஒரு சிரிப்புக்கு ஆரிப்புக்கும் இந்த வண்டிக்கும் என்ன செய்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டார்.

இடது ஷாக் அப்சர்பரைக் கழற்றினார். கீழ் வளையத்துக்குள்ளிருந்த ரப்பர் புஷ் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் காகிதம் போல நசுங்கி, மறுபக்கம் கிழிந்து, முட்டை வடிவத்தில் வந்தது. வலது பக்கத்துப் புஷ்ஷைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அது புத்தம்புதிது போல இருந்தது.

வழக்கப்படி "நல்லா ஒழைச்ச" என்று சொல்லி டப்பாவில் போடப் போனவர் நிறுத்திவிட்டார். புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க?"

"இது இடது பக்கம் மட்டும் செத்துருக்கு மாரி."

"ஆமா. சிலிண்டரு இடதுலதான வந்துச்சு? நான் படுத்துக்கிட்டே ஜன்னல் வழியாப் பார்த்தேனே."

"அது சரி. ஆரிப் பாய் தையக்காரர். இந்த வண்டியில துணி மூட்டையத் தவிர வேற கனம் ஏத்துனதில்ல. நம்ம வீட்டுக்கு வந்தது நாலு சிலிண்டரு." புஷ்ஷை மறுபடி பார்த்தார். "நாலு சிலிண்டருக்கு ரப்பரு இப்பிடி ஆகாது."

அந்த ஏப்ரலில் ஆரிப் தங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வந்தார் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவரும் வேறு எதுவும் சொன்னதில்லை. எத்தனை வீட்டு வாசலில் இந்த வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றிருக்கும்? சுவரில் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்கிற மனிதர், மூன்று வருடம் எதிரிலேயே இருந்த ஆளைக் கேட்டறியவில்லையே என்று ஜெயபாலுக்குத் தன்மேல் கோபம் வந்தது.

புதுப் புஷ் கைவசம் இருந்தது. சிம்டா புஷ்ஷைச் செட்டாக வாங்கியபோது கூடவே வந்தது. தேவைப்படாது என்று எடுத்துவைத்திருந்தார். வைஸில் வைத்து அழுத்தி ஏற்றினார். முத்துமாரி போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கைக்கு வேலை, இரண்டு கைக்குப் பேச்சு என்று அவர் சொன்ன கணக்கு அன்று பொய்த்தது. நான்கு கையும் வேலை பார்த்தன. மூன்றரைக்கு ஜெயபால் வண்டியை எடுத்துக் குடியிருப்புக்குள்ளேயே வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினார். சத்தமில்லை. இன்னொரு தரம் சுற்றும்போது முத்துமாரி பின்னால் ஏறிக்கொண்டார். அந்த இடதுபக்கக் கம்பித்தட்டில் கால் வைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு ஆரிப் டெம்போவோடு வந்தார். சீட்டை இரண்டு கையால் அமுக்கி விட்டார். காதைத் தீட்டினார். மறுபடி அமுக்கினார். முகம் மலர்ந்தது.

"வாஹ், பாய்! ஆவாஸ் கதம்!" சத்தம் போயே போய்விட்டதாம்.

ஜெயபால் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நசுங்கிய புஷ். இந்தியில் கேட்டார்: எங்கள் வீட்டுக்கு நாலு. மொத்தம் எத்தனை வீடு?

ஆரிப் புஷ்ஷைப் பார்த்தார். தையல்காரருக்கும் தேய்மானம் தெரியும். துணியில் எந்த இடம் எதனால் நைந்தது என்று பார்த்துச் சொல்கிறவர்தான். "சடக் கராப் தீ" என்றார். ரோடு மோசமாம். ஜெயபால் கையை மடக்கவில்லை. ஆரிப் வேறு பக்கம் திரும்பிக் கயிற்றை எடுத்துக்கொண்டார்.

"கினா நஹீ, பாய்." எண்ணவில்லை. பிறகு, ரொம்பத் தாழ்ந்த குரலில், எல்லா வீட்டுக்கும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்றார். முத்துமாரியைக் காட்டி, "பாபி கோ தேக்கே அச்சா லக்தா ஹை" என்றார். அண்ணியைப் பார்க்கும்போது மனசுக்கு நன்றாக இருக்கிறதாம்.

வண்டி டெம்போவில் ஏறியது. கயிறு கட்டியாயிற்று. காலனிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கம் ஆரிப்புக்கும் தெரியும். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "லாவோ பாய், தஸ்கத்." கொண்டா, கையெழுத்துப் போடுகிறேன் என்று.

ஜெயபால் நீல நோட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தார். தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியைப் போடவில்லை. 2021 ஏப்ரல் என்று எழுதினார். புகார்: மூச்சு. வேலை: சிலிண்டர் கொண்டுவந்தது. நான்காவது கட்டத்தில், நோட்டு முழுக்கத் தன் பெயரே இருக்கும் அந்தக் கட்டத்தில், நிறுத்தி நிதானமாக மூன்றெழுத்து எழுதினார்.

ஆரிப் குனிந்து பார்த்தார். மற்றது எதுவும் அவருக்குப் புரியவில்லை. அந்த மூன்றெழுத்து புரிந்தது. "பாய், மேரா நாம் யஹான்?" என் பெயர் இங்கேயா என்று கட்டம் மாறிப்போனதைச் சுட்டிக்காட்டி, பேனாவுக்காக இன்னும் கையை நீட்டியபடியே நின்றார்.

ஜெயபால் அந்தக் கையைத் தாண்டிப் பேனாவை முத்துமாரியிடம் நீட்டினார். முத்துமாரி கிரீஸ் விரலைக்கூடத் துடைக்காமல் அதை வாங்கி, கடைசிக் கட்டத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார்.